காட்டு நடுவே ஒரு தாய் வீடு

(பத்தாம் வகுப்பு மாணவி)

கதைப் புத்தகங்களில் அடிக்கடி ஓர் ஊர் வரும். ஏழு மலை தாண்டி, இருண்ட கானகத்தின் நடுவே அது இருக்கும். அந்த நாட்டு மக்கள் அனைவருக்கும் அதுவே புண்ணிய பூமி. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் குலத்தாரும் அங்கே கூடுவர். ஊரின் எல்லையில் ஒரு கல் நட்டிருக்கும். வில்லும் வாளும் கொண்டு வருவோர் அவற்றை அந்தக் கல்லருகே வைத்துவிட்டு வெறுங்கையோடுதான் உள்ளே போகவேண்டும். துரத்தப்பட்டவன் கல்லைத் தாண்டிவிட்டால் அரசனே ஆனாலும் அவனைத் தொடக்கூடாது. நூலக வகுப்பில் இப்படிப்பட்ட கதையைப் படித்துவிட்டு, எழுதியவரின் கற்பனை வளத்தை மெச்சிக்கொண்டு, மணி அடித்ததும் கணக்கு வகுப்புக்கு எழுந்து போய்விடுகிறோம்.

அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது, தோழியரே. அதுவும் வெகு தொலைவில் இல்லை. இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார் மாவட்டத்தில், வன்னிக் காட்டுக்குள் இருக்கும் மடு என்னும் மருதமடுதான் அது. மருத மரங்கள் சூழ்ந்த மடு என்று பெயரிலேயே காடும் நீரும் இருக்கின்றன. ஒரு காலத்தில் சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடியும் ரயிலேறினால் மடு ரோடு என்ற நிலையத்தில் இறங்கிவிடலாம். 1914-ல் தொடங்கிய அந்த வழியை 1964-ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியோடு சேர்த்துக் கொண்டுபோயிற்று. அக்கரையில் இருந்த தண்டவாளமும் 1990-க்குப் பின் போரில் அழிந்தது. 2013-ல்தான் மறுபடியும் மடு ரோடு வரை ரயில் வந்தது.

இந்தக் காட்டு ஊர் இலங்கைக் கத்தோலிக்கர் எல்லாருக்கும் தலைமைத் திருத்தலம். தமிழருக்கும் அதுதான், சிங்களவருக்கும் அதுதான். நான் எழுத வந்தது அதன் புகழைப் பாடுவதற்கு மட்டும் அன்று. மடுவின் பெருமை அங்கு நடந்ததாகச் சொல்லும் புதுமைகளில் இருப்பதைவிட, அது ஓடி வந்தவர்களுக்குக் கதவு திறந்த ஊர் என்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பெருமையை மதிக்கிறோம் என்றால் நெய்வேலியில் இருக்கும் நமக்கும் அதில் ஒரு வேலை உண்டு என்பது என் இரண்டாவது கருத்து.

முதலில் அந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். நம் முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் போதித்த காலத்தில், அவர் அனுப்பிய குரு ஒருவரிடம் மன்னார் மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1544-ல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி அவர்களில் ஏறக்குறைய 600 பேரைக் கொல்லச் செய்தான். பின்பு போர்த்துகீசியர் ஆட்சி வந்தது. 1658-ல் அவர்களை விரட்டிவிட்டு ஒல்லாந்தர் வந்தனர். ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே, ஆனால் கத்தோலிக்க மறையைத் தடை செய்தார்கள், குருக்களை விரட்டினார்கள், குருவை வீட்டில் மறைத்து வைப்பதும் குற்றம் என்றார்கள். ஒரே சிலுவையை வணங்குபவர்கள் இப்படிச் செய்தார்கள் என்பதை நாம் மறைக்கல்வி வகுப்பில் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

அப்போது மன்னாரை அடுத்த மாந்தையில் ஒரு மாதா சுரூபம் இருந்தது. 1670-ஐ ஒட்டி, சுமார் இருபது குடும்பங்கள் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போயின. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்தும் சில நூறு பேர் வன்னிக்கு ஓடி வந்திருந்தார்கள். இரு கூட்டத்தாரும் காட்டில் சந்தித்து மாதாவை மருதமடுவில் வைத்தார்கள். யானையும் கரடியும் பாம்பும் உள்ள காடு அது. கோட்டையும் பீரங்கியும் வைத்திருந்த ஒல்லாந்தர் கடற்கரையை விட்டு அவ்வளவு உள்ளே வரவில்லை. 1687-ல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு பிச்சைக்காரரைப் போல் வேடமிட்டு இலங்கைக்கு வந்து, மறைந்து வாழ்ந்த மந்தையைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் கண்டிக்குப் போனபோது முதலில் ஒற்றன் என்று பிடித்து வைத்தார்கள். பிறகு அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். கிறிஸ்தவர் விரட்டிய கத்தோலிக்கக் குருவைப் பௌத்த அரசர் காப்பாற்றினார்! வாஸ் அடிகள் 1711-ல் கண்டியிலேயே உயிர் நீத்தார். இன்று அவர் புனிதர்.

இதைப் படிக்கும் இந்துத் தோழியர், "இது உங்கள் கோயில் கதை" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இது உங்கள் கதையும்தான். சிதம்பரத்துக்குத் தில்லைவனம் என்றொரு பெயர் உண்டல்லவா? தில்லை மரம் இன்று கோயிலைச் சுற்றிக் கிடையாது. பிச்சாவரத்துச் சதுப்பு நிலத்தில்தான் காணலாம். அந்தத் தில்லைக் கூத்தனே படையெடுப்புக்கு அஞ்சி ஊரை விட்டுப் போக நேர்ந்தது. 1648 முதல் 1686 வரை நடராசப் பெருமானின் திருமேனி சிதம்பரத்தில் இல்லை. குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்தது. மாந்தை மாதா காட்டுக்குப் போன காலத்தில் நம் பக்கத்து ஊர் நடராசரும் வெளியூரில்தான் இருந்திருக்கிறார்! அதற்குச் சற்றுப் பின்னால் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாளைக் காடு சூழ்ந்த உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, 1710-ல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதே அரியலூர்ப் பக்கத்துக் காட்டுக்குத்தான் தஞ்சைச் சீமையில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் கொள்ளிடம் தாண்டி ஓடி வந்தார்கள். அங்கே ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்றும் தாய்க்கு அடைக்கல மாதா என்றும் பெயரிட்டார். காவல், அடைக்கலம் என்ற சொற்களை அவர் சும்மா பொறுக்கி எடுக்கவில்லை.

இன்னும் அருகே வாருங்கள். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பம் நம்மில் பலர் போய் வந்த ஊர். அங்கும் சுரூபம் புதர் நடுவே கிடைத்ததாகத்தான் கதை. விருத்தாசலத்து அம்மன் பெயரான பெரியநாயகி என்பதையே முனிவர் நம் மாதாவுக்கும் வைத்தார், சேலை உடுத்திய தாயாகவும் வடித்தார். எங்கள் ஆயா சிறுமியாக இருந்தபோது, சனவரித் திருவிழாவுக்கு முந்திரிக்காட்டு வழியே நடந்து போவார்களாம். "வழியில எந்த வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தாலும் தண்ணி கொடுப்பாங்க. நீ யாரு, என்ன சாதின்னு கேட்டுக் கொடுத்தா அது தண்ணியே இல்ல" என்று ஆயா சொல்வார்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். எங்கள் வகுப்பிலேயே எழுந்தது. "கடவுள் எங்கும் நிறைந்தவர். சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் சொன்னபடி, இந்த மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம். பிறகு காட்டுக்குள் ஓர் ஊரைப் புனிதம் என்று சொல்லி, இலட்சம் பேர் போய் மரத்தையும் நீரையும் கெடுப்பானேன்?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்விதான். இரண்டாவது பாதியை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மடுவைச் சுற்றியுள்ள காடு 1968-ல் சரணாலயமாகவும் 2015-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. நெகிழிப் பையைப் போட்டுவிட்டு வருகிறவர் மாதாவின் வீட்டு முற்றத்தில் குப்பை கொட்டியவர் ஆகிறார். அதற்கு நூறு செபமாலை சொன்னாலும் ஈடாகாது.

முதல் பாதிக்கு என் பதில் வேறு. கடவுளுக்கு ஊர் தேவையில்லை. ஓடி வருகிற மனிதனுக்குத் தேவை. பழைய ஏற்பாட்டில் அடைக்கல நகர்கள் என்று ஆறு நகர்கள் குறிக்கப்பட்டிருப்பதை நாம் படித்திருக்கிறோம். யோர்தானுக்கு இக்கரையில் மூன்று, அக்கரையில் மூன்று. கைத்தவறாக உயிர்ச்சேதம் செய்துவிட்டவன் பழிவாங்குபவன் கையில் சிக்காமல் அங்கே ஓடிப் போகலாம். இஸ்ரயேலருக்கு மட்டும் அல்ல, அவர்கள் நடுவே தங்கியிருக்கும் அந்நியருக்கும் அந்த உரிமை உண்டு. அந்த நகர்களுக்குப் போகும் பாதையைச் செம்மையாக வைக்கவேண்டும் என்றும் இணைச்சட்டத்தில் வருகிறது. கடவுள் எங்கும் இருக்கிறார் என்பதை அறியாமலா மோசே பாதை போடச் சொன்னார்?

மடு அப்படிப்பட்ட நகராகத்தான் வளர்ந்தது. ஆடித் திருவிழா, ஆவணித் திருவிழா என்று சூலை 2-லும் ஆகஸ்ட் 15-லும் பெருங்கூட்டம் கூடும். குடும்பம் குடும்பமாக வந்து மரத்தடியில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, நாட்கணக்கில் தங்குவார்கள். ஒரு கூடாரத்தில் தமிழ்ச் செபமாலை, அடுத்த கூடாரத்தில் சிங்களச் செபமாலை. இந்துக்களும் பௌத்தர்களும்கூட நேர்ச்சையோடு வருவதுண்டு. மடு மண்ணைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப்போவார்கள். பாம்புக்கடிக்கு அது மருந்து என்பது பழைய நம்பிக்கை. (பாம்பு கடித்தால் மண்ணை நம்பியிராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று அறிவியல் மன்றச் செயலாளர் என்ற முறையில் இங்கே சொல்லி வைக்கிறேன்.) 1924 சூலை 2-ல் திருத்தந்தையின் பெயரால் மாதாவுக்கு முடிசூட்டினார்கள்.

பிறகு போர் வந்தது. 1990 முதல் பல்லாயிரம் பேர் மடுக் கோயில் வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் ஆணையம் அங்கே நிவாரண மையம் நடத்தியது. 1670-ல் மூதாதையர் செய்ததையே முந்நூறு ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளும் செய்தார்கள்: மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டுத் தாயிடம் ஓடினார்கள். கோயில் எல்லைக்குள் ஆயுதம் வரக்கூடாது என்று குருக்கள் இரு தரப்பையும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கதையில் வரும் எல்லைக்கல்லைத்தான் அவர்கள் மறுபடியும் மறுபடியும் நட்டுப் பார்த்தார்கள்.

கல் நிற்கவில்லை. 1999 நவம்பர் 20 அன்று கோயில் வளாகத்தில் எறிகணைகள் விழுந்தன. தஞ்சம் புகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கைகாட்டினர். 2008 சனவரி 29-ல் மடுவை அடுத்த சாலையில் ஒரு பேருந்து கண்ணிவெடியில் சிக்கியது. பள்ளி முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகளும் அதில் இறந்துபோனார்கள். நம்மைப் போல் சீருடை அணிந்தவர்கள். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் சம்மதத்தோடு குருக்கள் மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு கடலோரத்துத் தேவன்பிட்டிக்குப் போனார்கள். அடைக்கலம் கொடுத்த தாயே அடைக்கலம் தேடிப் புறப்பட வேண்டியதாயிற்று. அந்த ஆகஸ்டில் சுரூபம் மடுவுக்குத் திரும்பியது.

மாதா ஏன் அந்த எறிகணைகளைத் தடுக்கவில்லை? இந்தக் கேள்வியை இந்த மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். எழுது என்று சகோதரி ஒருவர் ஊக்கமளித்தார். என் மனத்துக்குப் பட்டதைச் சொல்கிறேன். எறிகணையை வானத்திலிருந்து யாரும் அனுப்பவில்லை. ஒரு மனிதன் தூரத்தை அளந்து, குழாயைத் திருப்பி, விசையை இழுத்தான். மடு என்ற அடைக்கலத்தைக் கட்டியது மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு. யாரும் எழுதி வைக்காத அந்த வாக்கை முந்நூறு ஆண்டு எத்தனையோ பேர் காப்பாற்றினார்கள். பாம்பும் கரடியும் உள்ள காட்டில் பயமின்றிப் படுத்துறங்கிய மக்கள் மனிதருக்கு அஞ்சித்தான் விழித்திருந்தார்கள். வாக்கை மனிதர் முறித்துவிட்டு, "மாதா என்ன செய்தாள்?" என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. புதுமைகளை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் இந்தப் பொறுப்பு நம் கையை விட்டு நழுவிப் போய்விடும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

2015 சனவரி 14 அன்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் காலையில் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்திவிட்டு, மாலையில் மடுவுக்கு வந்தார். போரில் பிள்ளைகளை இழந்த தமிழ்த் தாய்மாரும் சிங்களத் தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தப் படங்களை எங்கள் பள்ளியில் வெகு ஆவலோடு பார்த்தோம்.

ஆனால் மடுவிலிருந்து ஓடி வந்தவர்களைப் பார்க்க நாம் படத்தைத் தேட வேண்டியதில்லை. 1983 கலவரத்துக்குப் பின் படகேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். 2021 கணக்குப்படி 50,000-க்கும் அதிகமானோர். நம் கடலூர் மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. அகதி முகாம் என்ற பெயரை 2021-ல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. புதிய வீடுகளும் கட்டித் தருகிறது. பாராட்ட வேண்டிய செயல். என்றாலும் பெயர் மாறியதே தவிர நிலை மாறவில்லை. 1987 சூலை முதல் தேதிக்குப் பின் இந்தியாவில் பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. பெற்றோர் இருவரும் அக்கரையிலிருந்து வந்தவர்கள் என்றால் பிள்ளை இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ் வாய்ப்பாடு படித்து, இங்கேயே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாலும் இந்தியர் அல்லர். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வழி உண்டு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இல்லை.

சென்ற ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டியில் என் பக்கத்து இருக்கையில் ஒரு மாணவி அமர்ந்திருந்தாள். படிவத்தில் முகவரி எழுதும் இடத்தில் முகாமின் பெயரை எழுதிவிட்டு, "சொந்த ஊர்" என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மன்னார் என்று எழுதினாள். "நீ மன்னாருக்குப் போயிருக்கிறாயா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். அம்மம்மாவின் பெட்டியில் மடு மண் ஒரு பொட்டலம் இருக்கிறதாம். யாருக்கேனும் காய்ச்சல் வந்தால் அம்மம்மா அதைத் தலைமாட்டில் வைப்பாராம். போட்டியில் பரிசு அவளுக்குத்தான் கிடைத்தது. தலைப்பு "என் நாடு".

நெய்வேலிக்காரர்களாகிய நமக்கு ஊர் விட்டுப் போவது புரியாத செய்தி அன்று. 1956-ல் நிறுவனம் தொடங்கியது முதல் சுரங்கத்துக்காக எத்தனையோ கிராமங்கள் நிலம் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கின்றன. வேலுடையான்பட்டு என்ற பெயர் முருகன் கோயிலோடு நிற்கிறது. அந்த ஊர் நகரியத்துக்குள் கலந்துவிட்டது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து வருகிறவர்களில் எங்கெங்கோ குடியேறிப்போன பழைய ஊர்க்காரர்களும் உண்டு. வட்டம் வட்டமாக வகுத்த நம் நேரான சாலைகளும் வீட்டு எண்களும் யாரோ ஒருவருடைய முந்திரித் தோப்பின் மேல்தான் இருக்கின்றன. எழுந்து போனவர்களுக்கு வேறிடத்தில் மனை எண்ணாவது உண்டு. முகாமில் பிறந்த பெண்ணுக்கு நாட்டின் பெயரே இல்லை.

சட்டத்தை மாற்றுவது பத்தாம் வகுப்பு மாணவிகளால் ஆகாது. அது தில்லியில் இருப்பவர்களின் வேலை. அவர்களுக்குக் கடிதம் எழுதுவது நம்மால் ஆகும், எழுதத்தான் போகிறோம். ஆனால் வேறொன்றும் ஆகும். ஒவ்வோர் ஆகஸ்டிலும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பக்தர்களுக்கு நாம் மோரும் பழமும் கொடுக்கிறோம். ஊர் பெயர் கேட்டுக் கொடுப்பதில்லை. செப்டம்பர் 8-ல் நம் பள்ளியில் நடக்கும் மாதா பிறந்தநாள் விழாவுக்கு இந்த ஆண்டு முகாமிலிருக்கும் நம் வயதுப் பிள்ளைகளை அழைக்க வேண்டும் என்று தலைமையாசிரியை அம்மையாரை இந்த மலர் வழியே கேட்டுக்கொள்கிறேன். தருமம் வாங்கிப் போக அல்ல. நம்மோடு கும்மியடிக்க, பேச்சுப் போட்டியில் பேச, மதியம் ஒரே பந்தியில் சாப்பிட. பெற்றோர் சிலர் தயங்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: வருகிறவர்களில் குறைந்தது ஒருத்தி கட்டுரையில் உங்கள் மகள்களைத் தோற்கடிப்பாள், அதைத் தவிர வேறு ஆபத்து கிடையாது.

வாகனச் செலவுக்காக எங்கள் வகுப்பில் உண்டியல் வைத்துவிட்டோம். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் இன்றைய கணக்கு 1,140 ரூபாய். ஒன்பதாம் வகுப்பார் தாங்களும் சேருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.